மக்கள் இல்லா உலகும் சூசைநாதன் கொடுத்த பூசையும்

வில்லியனூரிலிருந்து மடுகரை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் மாடி வீடுகள் வரும். அதில் மூன்றில் ஒன்று சூசைநாதன் போட்ட கூரை. வாசலில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும், கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். ஆனால் முட்டு கொடுத்து, தகடு பரப்பி, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுகிற அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டாலும் தார்ப்பாய் கட்டிக் கூரையைக் காப்பாற்றியவர் சென்ட்ரிங் சூசை. இத்தனை வருஷத்தில் அவர் போட்ட கூரை ஒன்றுகூட ஒழுகியதில்லை. இதை அவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, ஊரே சொல்லும். ஊர் மறந்துபோனால் அவர் சொல்லுவார்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்கப் போனவர், முப்பது வயதில் சொந்தத் தகடு வைத்திருந்தார், நாற்பதில் இருபத்திரண்டு பேரை வைத்து வேலை வாங்கினார். எழுத்தைக்கூடப் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம்தான். மீதியைச் சிமெண்ட் மூட்டையும், பஸ் போர்டும், கோயில் பாட்டுப் புத்தகமும் கற்றுக்கொடுத்தன. அதை வைத்துக்கொண்டே அவர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து, பிளானில் இஞ்சினியர் போட்ட தப்பை விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். பத்து வருஷமாக நகராத கரண்டுக் கம்பத்தைப் பத்தே நாளில் நகர்த்தி வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒன்று மட்டும் நகரவில்லை. ஒரே மகன் கிளாட்சனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். வீட்டில் தொட்டில் கட்டவில்லை. மாடியில் நான்கு அறை எழுப்பி வைத்திருந்தார். நான்கும் பூட்டிக் கிடந்தன.

மருமகள் ஆரோக்கிய ஜெனிபர் தமிழ் எம்.ஏ. கல்யாணத்துக்குப் பிறகு மேலே ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்தாள். போகட்டும் என்று சொன்னவரே சூசைநாதன்தான். வேலை நடக்கிற இடத்திலெல்லாம் அதைச் சொல்லுவார்.

"என் மருமவ டாக்டருக்குப் படிக்குது."

"ஊசி போடுற டாக்டரா மேஸ்திரி?"

"ஊசி போடாத டாக்டரு. அது அதுக்கும் மேல."

எதைப் பற்றிப் படிக்கிறாள் என்று மட்டும் அவர் கேட்டதில்லை. படிக்காத மாமனார் கேட்டு, அவள் விளக்கி, அது தனக்குப் புரியாமல் போனால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

நான்கு வருஷம் கழித்து அவள் எழுதி முடித்தாள். வில்லியனூர் கடைத்தெருவில் புகழேந்தி என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், பைண்டிங்கும் உண்டு. அங்கே ஐந்து புத்தகம் கட்டக் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கம் போகிற வழியில் வாங்கிவரச் சொல்லி மாமனாரிடம் சீட்டைக் கொடுத்தாள்.

புகழேந்தி புத்தகங்களைத் துடைத்து மேஜை மேல் அடுக்கினார். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. சூசைநாதன் கண்ணாடி எடுத்து வரவில்லை. பெரிய எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். மக்கள் இல்லா உலகு. கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அது தெரியவில்லை.

"நல்ல தலைப்பு மேஸ்திரி. ஒரு நிமிஷம் நெஞ்ச அடைக்குது," என்றார் புகழேந்தி.

சூசைநாதனுக்கு நிஜமாகவே அடைத்தது. அவருக்கு 'மக்கள்' என்கிற சொல் கோயிலில் கிடைத்தது. கல்யாணப் பூசையில் சாமியார் மணமக்கள் தலைமேல் கை நீட்டி மக்கட்பேறு கேட்பார். பிள்ளை வரம் வேண்டி யாராவது பூசை கொடுத்தால் மைக்கில் மக்கட்பேறு என்றுதான் வாசிப்பார்கள். மக்கள் என்றால் பிள்ளைகள். அறுபது வருஷமாக அவருக்கு அதுதான் பொருள். பிள்ளைகள் இல்லாத உலகம். ஏழு வருஷமாக வீட்டில் வாய் திறக்காத பெண், முந்நூறு பக்கம் எழுதி அதன் மேல் தங்க எழுத்தும் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஐந்து புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்காதபடி அட்டையின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

மனைவி செல்வியிடம் மெல்லச் சொன்னார். செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜுக்கு எழுதறதுல எவளாவது வூட்டுக் கதைய எழுதுவாளா? அவளையே கேளேன்," என்றாள்.

"எத்தக் கேக்கறது? மாமனாரு கேக்கற கேள்வியா அது?"

"அப்ப வாய மூடிக்கினு இரு."

வாயை மூடிக்கொண்டு இருப்பது சூசைநாதனுக்கு வராத வேலை. இரண்டு நாள் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெனிபரே காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குக் குறிப்பு எடுக்கிற நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஆளில்லாத வூடு ஒன்னு இருக்குதுன்னு வெச்சிக்குங்க. அது எத்தினி வருஷம் நிக்கும்?"

"நான் போட்டதா, வேற எவனாச்சும் போட்டதா?"

அவள் சிரித்தாள். "நீங்க போட்டதுதான்."

"நான் போட்டதுல ஆளு குடியிருந்தா நூறு வருஷம். யாரும் இல்லன்னா நாப்பது."

"ஏன் அப்படி?"

தொழிலைக் கேட்டால் அவர் பேச்சு தானாக நிமிர்ந்துவிடும். "மொதல்ல மொட்ட மாடில தண்ணி போற ஓட்டைய இல அடச்சிக்கும். தண்ணி தேங்கும். காக்கா எச்சத்துல அரச வெத வந்து கைப்புடிச் சுவர்ல வுழும். வேரு உள்ள எறங்குனா தண்ணியும் கூட எறங்கும். கம்பி துரு புடிக்கும். துரு புடிச்ச கம்பி சும்மா இருக்காது, ஊதும். ஊதுச்சின்னா கான்கிரீட்ட ஒடச்சித் தள்ளிடும்."

"ஆளு இருந்தா மட்டும் அது நடக்காதா?"

"வருஷத்துக்கு ஒருவாட்டி எவனாச்சும் மேல ஏறி அந்தச் செடியப் புடுங்கிப் போடுவான். அவ்ளோதான் வித்தியாசம்."

ஜெனிபர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். "கவிதைல எல்லாம் மறுநாளே புல்லு மொளச்சி வூட்ட மூடிடுது மாமா. கதைல பாத்தா நூறு வருஷம் ஆனாலும் வூடு அப்படியே நிக்குது. நீங்க சொல்றது நடுவுல இருக்குது."

கவிதை, கதை என்று அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஆளில்லாத வீடு என்பது மட்டும்தான் உள்ளே போயிற்று. அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்ததை, முகத்தை மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இந்தப் பெண் வேறு எப்படிச் சொல்லுவாள், இதற்குமேல் ஒரு ஆண்பிள்ளை சும்மா இருக்கலாமா என்று அவருக்குள் ஒரு வேகம் வந்தது. கரண்டுக் கம்பத்தை நகர்த்தினபோது வந்த அதே வேகம்.

மறுநாள் காலை உபதேசியார் அமல்தாஸைப் பார்க்கப் போனார். அமல்தாஸ்தான் கோயில் காரியங்களைக் கவனிப்பவர். இன்ன காரியத்துக்காக என்று பூசை கொடுக்கிறவர்களின் கருத்தை நோட்டில் எழுதி, பூசைக்கு முன்னால் மைக்கில் வாசிப்பவரும் அவர்தான்.

"ஞாயித்துக்கெழம பெரிய பூசைக்கு ஒரு கருத்து எழுதிக்க."

"சொல்லுங்க மேஸ்திரி. யாரு ஆத்துமாவுக்கு?"

"ஆத்துமாவுக்கு இல்ல. மக்கட்பேறு."

அமல்தாஸ் நிமிர்ந்து பார்த்தார். "நல்லது. யாரு பேர்ல போடட்டும்? கிளாட்சன் பேரா, மருமவ பேரா?"

சூசைநாதன் யோசிக்கவே இல்லை. "மருமவ பேரப் போடு. ஆம்பள பேரப் போட்டா ஊர்ல ஒரு மாதிரி பேசுவானுங்க."

"அதுவும் சரிதான்."

"சத்தமா படி. போன வாரம் நீ படிச்சது கடைசி வரிசைல ஒருத்தனுக்கும் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. சூசைநாதன் கேட்டபடியே அமல்தாஸ் குரலை உயர்த்திப் படித்தார். இரண்டு பேருடைய ஆன்மா இளைப்பாறுவதற்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்காக, போர் போட்ட இடத்தில் நல்ல தண்ணீர் வந்ததற்கு நன்றியாக என்று வாசித்துக்கொண்டே வந்தவர், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சூசைநாதன் குடும்பத்தார், தங்கள் மருமகள் ஆரோக்கிய ஜெனிபருக்கு மக்கட்பேறு வேண்டி."

வெளியே மரத்தில் கட்டியிருந்த குழாயிலும் அது கேட்டது. பெண்கள் பக்கம் வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. ஜெனிபர் திரும்பவில்லை. முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்தபடி நின்றாள். வாசல் ஓரமாக நின்றிருந்த கிளாட்சன் செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். சூசைநாதனின் கண் பீடத்துக்கும் மைக்குக்கும் நடுவில் இருந்தது, மகன் போனதைக் கவனிக்கவில்லை. ஒரு நல்ல கூரையைப் போட்டு முடித்த நிம்மதியோடு அவர் அன்றைக்கு முழங்காலிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிபர் அடுப்பங்கரையில் டீ போட்டாள். அவள் அழவில்லை. நன்றி என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தவர், வராமல் போகவே தானே தொடங்கினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ வாய வுட்டு சொல்லாட்டியும் புத்தகத்துலயே போட்டிருந்துது. மக்கள் இல்லா உலகுன்னு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று எதிரில் நின்ற செல்வி நினைத்தாள், வரவில்லை.

"மாமா, அது புள்ளைங்க இல்லாத உலகம் இல்ல. மனுஷங்களே இல்லாத உலகம். மனுஷ சாதியே அத்துப்போன பின்னாடி இந்தப் பூமி எப்படி இருக்கும்னு கவிதைலயும் கதைலயும் எழுதியிருக்காங்க. ரெண்டையும் வெச்சி ஒப்பிட்டிருக்கேன். நான் 'மனிதர்'ன்னுதான் எழுதினேன். எங்க சாருதான் அத்த அடிச்சிட்டு, 'மக்கள்'னு போடு, நல்ல பழந்தமிழுன்னாரு."

சூசைநாதன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்தது.

"அதுல இன்னாதான் எழுதியிருக்காங்க?" என்று கேட்டார் கடைசியில். அவமானத்தில் வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

ஜெனிபர் சொன்னாள். ஒரு கவிதையில் சாயங்காலம் மாடு தானாகவே வீட்டுக்குத் திரும்பி வருகிறது, வாசலில் நின்று ஒரு முறை குரல் கொடுக்கிறது, பதில் வராததால் புல் மேயப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கவிதை. ஒரு கதையில் ஊரில் எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அவன் தினமும் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய், தனக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, வரிசையில் நிற்கிறான்.

"கதை எழுதறவங்களுக்கு முழுசா வுட மனசு வர்றதில்ல மாமா. எப்படியும் ஒருத்தன மிச்சம் வெச்சிடறாங்க. கவிதை எழுதறவங்க எல்லாரையும் அனுப்பிட்டு, மழையும் மாடும் போதும்னு நிம்மதியா இருக்காங்க."

சூசைநாதன் நெற்றியைச் சுருக்கினார். "யாருமே இல்லன்னா, அந்த மாடு வந்தத எவன் பாத்து எழுதினான்?"

ஜெனிபருக்குக் கண் விரிந்தது. "இதே கேள்விதான் மாமா எங்க சாரும் கேட்டாரு. கடைசி அதிகாரம் முழுக்க அதுக்குத்தான் பதில் தேடியிருக்கேன்."

மூன்றாம் வகுப்புக்காரருக்கு ஒரு கணம் மார்பு விரிந்தது. மறு கணமே காலையில் மைக்கில் கேட்டது ஞாபகம் வந்தது.

"அப்ப உனுக்கு அந்த வருத்தம் இல்லியாம்மா?"

அவள் டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "அத்த அவரையே கேளுங்க மாமா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கிளாட்சன் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்து மதிலில் உட்கார்ந்திருந்தான். அப்பா வருவதைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்தாச்சிப்பா. அவளுக்கு ஒன்னுமில்ல. கொற எங்கிட்டத்தான்."

சூசைநாதன் துண்டை மதிலில் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாத்தர சாப்ட்டேன், ஆபரேஷனும் பண்ணிக்கினேன். கம்பெனி வேலையா பெங்களூரு போறேன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். ஆவாதுன்னுட்டாங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"யாருகிட்ட? ஊர்ல போற வர்றவன் கிட்டயெல்லாம் எம்மவன் சிங்கம்னு சொல்றீயே, உங்கிட்டயா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன். அவ அம்மாகிட்டகூட அவ சொல்லல. ஏழு வருஷமா எல்லாவளும் அவ வயித்தத்தான் பாத்தாளுங்க. நீ அத்த மைக்குல வேற படிக்க வெச்சிட்ட."

"புள்ளைய எடுத்து வளக்கலாமேடா. எத்தினியோ பேரு வளக்கறாங்க."

"எனுக்கு இன்னும் அதுக்கு மனசு வரலப்பா. வுடு."

விடு என்றால் விடுகிற ஆள் இல்லை சூசைநாதன். ஆனால் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜெனிபர் பெயரில் சொன்னது தப்பு என்று சொன்னால் அடுத்த கேள்வி கிளாட்சனிடம் போய் நிற்கும். கிளாட்சனைக் காப்பாற்றினால் பழி ஜெனிபர் மேலேயே கிடக்கும். இந்தப் பக்கம் முட்டுக் கம்பை எடுத்தால் அந்தப் பக்கம் இடிகிற கூரையை அவர் தொழிலில் பார்த்திருக்கிறார். அதற்கு அவரிடம் வழி உண்டு. இதற்கு இல்லை.

புதன்கிழமை மறுபடியும் அமல்தாஸிடம் போனார்.

"அந்தக் கருத்த எடுத்துடுப்பா."

அமல்தாஸின் முகம் மலர்ந்தது. "ஏன் மேஸ்திரி? நல்ல சேதியா? அதுக்குள்ளயா?"

"சேதி இல்ல."

"பின்ன இன்னா?"

சூசைநாதன் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு ஆளை ஒரே சத்தத்தில் நிறுத்துகிற வாய். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"ஜெபத்த எப்படி மேஸ்திரி எடுக்கறது? கொடுத்தது கொடுத்ததுதான்," என்று அமல்தாஸ் தோளைத் தட்டினார். "கவலப்படாதீங்க. மரியாயின் சேன பொம்பளைங்க இத்தக் கையில எடுத்துக்கினாங்க. ஒம்பது சனிக்கெழம உங்க வூட்டுக்கே வந்து ஜெபமால சொல்லப் போறாங்க. ஏஞ்சல் மேரி டீச்சரு லிஸ்ட்டே போட்டுட்டாங்க."

அந்த வாரம் முழுக்க ஜனங்கள் அன்போடு வந்தார்கள். ஒருத்தி லூர்து மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். ஒருத்தி பாகூரில் ஒரு நாட்டு வைத்தியர் இருப்பதாக விலாசம் எழுதிக் கொடுத்தாள். டீக்கடையில் பழைய ஆள் ஒருவர், "மேஸ்திரி, நீ எறங்குனா எதுவும் நடக்கும்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அவர் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. கையை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

சைட்டுக்குப் போகாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜெனிபரின் புத்தகத்தை விரல் வைத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். அங்கங்கே புரட்டி, ஒரு வேளைக்கு ஒரு பக்கம், சில வேளை அரைப் பக்கம். பாதி விளங்கவில்லை. ரேஷன் கடைக்குப் போகிறவன் இருந்த பக்கம் மட்டும் விளங்கியது. யாருமில்லாத வரிசையில் நிற்கிறவனை நினைத்தால் அவருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கதைக்காரர்கள் மிச்சம் வைக்கிற அந்த ஒருவனைவிட, கவிதைக்காரர்கள் சொன்ன உலகமே தேவலை என்று பட்டது. அங்கே மாடு ஒரு முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விடும். மைக் கிடையாது. யாரும் யாருக்காகவும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள். தன் பெயர் சொல்ல ஒரு வாரிசு வேண்டும் என்று நாற்பது வருஷம் உழைத்த மனிதருக்கு இப்படியொரு எண்ணம் வந்தது அவருக்கே பயமாக இருந்தது.

முதல் சனிக்கிழமை நான்கு மணிக்கு, பெண்கள் வருவதற்கு முன்னால், செல்வி மாதா படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கிளாட்சன் ஓவர்டைம் என்று சொல்லி வீட்டுக்கு வரவில்லை. ஜெனிபர் கூடத்தில் பாய் விரித்தாள். சூசைநாதன் பாயின் மறு முனையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தார்.

"ஜெனி, அவங்க வந்ததும் நானே சொல்லிடறேன்."

"இன்னான்னு மாமா?"

"உன் மேல ஒன்னும் இல்லன்னு."

அவள் பாயின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். "அப்ப யாரு மேலன்னு கேப்பாங்களே. இன்னா சொல்லுவீங்க?"

அவள் காத்திருந்தாள், உண்மையிலேயே ஒரு பதில் வரும் என்று எதிர்பார்த்தவள் மாதிரி. பிறகு எழுந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த மாசம் எனுக்கு வாய்மொழித் தேர்வு. அது முடியட்டும். அதுவரைக்கும் ஒக்காந்து ஜெபமால சொல்லிட்டுப் போறேன். எனுக்குப் பழக்கந்தான்."

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஏஞ்சல் மேரி டீச்சர் முன்னால் வந்தார், பின்னால் பதினைந்து பதினாறு பெண்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜெனிபரை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். டீச்சர் ஜெபமாலையின் முதல் பத்து மணியைத் தொடங்குவதற்கு முன்னால் கருத்தைச் சொன்னார். ஜெனிபரின் பெயரைச் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். ஜெனிபரும் சொன்னாள்.

"அண்ணே, நீங்களும் உள்ள வந்து ஒக்காருங்க. நீங்க கேட்ட வரம்தானே," என்றார் டீச்சர்.

சூசைநாதன் நிலைப்படிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். அருள் நிறைந்த மரியே என்று பெண்கள் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். பாதி மந்திரம் அவர்கள் சொல்ல, மீதிப் பாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். பதில் சொல்கிறவர்களோடு சேர்ந்து அவருடைய உதடும் அசைந்தது. ஐம்பத்து மூன்று மணி முடிகிறவரைக்கும் அவர் குரல் வெளியே வரவில்லை. இன்னும் எட்டு சனிக்கிழமை இருந்தன.